ஆன்டன் புரூக்னர்

ஆன்டன் புரூக்னர் (செப்டம்பர் 4, 1824 – அக்டோபர் 11, 1896) ஆஸ்திரியாவைச் சேர்ந்த இசையமைப்பாளர், ஆர்கன் கலைஞர், இசைக்கோட்பாட்டு ஆசிரியர் ஆவார். எண்ணிட்ட ஒன்பது சிம்பொனிகளுக்காகவும் கத்தோலிக்கத் திருவழிபாட்டு இசைக்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார். நாட்டுப்புறப் பள்ளி உதவி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், இசைக் கல்லூரி எதிலும் முறையாகச் சேர்ந்து பயிலவில்லை. முழுநேரப் பணியில் இருந்துகொண்டே ஆறு ஆண்டுகள் பெரும்பாலும் அஞ்சல் வழியாக உயர்நிலை இசைக்கோட்பாட்டைக் கற்று, 1861 ஆம் ஆண்டில் வியன்னாவில் அதற்கான தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 37. அவருடைய புகழ் பெற்ற படைப்புகளில் பெரும்பாலானவை இத்தேர்வுக்குப் பின்னரே எழுதப்பட்டன.

பிறப்பும் இளமையும்

புரூக்னர் வடக்கு ஆஸ்திரியாவில் லின்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஆன்ஸ்ஃபெல்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஆன்டன் புரூக்னர் என்பதே. தாயார் பெயர் தெரேசியா. தந்தையார் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர். அக்கால ஆஸ்திரியச் சிற்றூர்களில் பள்ளி ஆசிரியரே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கவும் பாடகர் குழுவை நடத்தவும் கடமைப்பட்டிருந்தார். ஆகவே ஆசிரியர் குடும்பத்துக் குழந்தைகளுக்கு இசை வீட்டிலேயே அறிமுகமாயிற்று. புரூக்னர் தம் முதற்பாடங்களைத் தந்தையிடமே கற்றார். 1835 ஆம் ஆண்டில் ஹோர்ஷிங் என்னும் ஊரில் இருந்த உறவினரும் ஞானத்தந்தையுமான யோகான் பாப்டிஸ்ட் வைஸ் என்பவரிடம் அனுப்பப்பட்டு, அங்கு ஆர்கன் வாசிப்பையும் எண்குறி அடிச்சுர முறையையும் பயின்றார். அடிச்சுர வரிசையின் மீது எண்கள் மட்டும் குறிக்கப்பட்டிருக்க, அவற்றைக் கொண்டு மேலுள்ள ஒத்திசைச் சுரங்களை வாசிப்பவரே நிரப்பிக்கொள்வது இம்முறையாகும்.

1837 ஆம் ஆண்டு தந்தையார் இறந்தார். மூத்த மகனான புரூக்னருக்கு அப்போது வயது 12. தாயார் மகனை அருகிலிருந்த புனித ஃப்ளோரியன் மடாலயத்தில் பாடகர் குழுச் சிறுவனாகச் சேர்த்தார். அகஸ்டீனியத் துறவியர் நடத்திய அம்மடாலயமும் அதன் பெரிய ஆர்கனும் புரூக்னரின் வாழ்நாள் முழுவதும் அவருக்குப் புகலிடமாக விளங்கின.

ஆசிரியப் பணி

தந்தையின் தொழிலையே மேற்கொள்ள முடிவு செய்த புரூக்னர், 1840–41 ஆம் ஆண்டுகளில் லின்ஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கு அவுகுஸ்ட் டுர்ன்பெர்கர் என்பவர் ஒத்திசைவுப் பாடத்தைக் கற்பித்தார். அவர் எழுதிய பாடநூலைப் புரூக்னர் பிற்காலத்தில் தாம் ஆசிரியரான பின்னரும் பயன்படுத்தினார்.

1841 இல் வின்ட்ஹாக் என்னும் சிற்றூரில் உதவி ஆசிரியராக நியமிக்கப்பட்டார். கற்பித்தலோடு, அதிகாலையில் ஆலய மணி அடிப்பதும் வயல் வேலை செய்வதும் அவருடைய கடமைகளாக இருந்தன. 1843 இல் குரோன்ஸ்டார்ஃப் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்து அருகிலுள்ள என்ஸ் நகருக்குச் சென்று லியோபோல்ட் செனெட்டி என்பவரிடம் இசைக்கோட்பாடு பயின்றார். டேனியல் கோட்லோப் டுர்க் எழுதிய அடிச்சுர நூலும் யோகான் செபாஸ்தியன் பாக்கின் படைப்புகளும் அங்குப் பாடமாயின. 1845 இல் முழுத் தகுதி பெற்ற ஆசிரியருக்கான தேர்வில் வெற்றி பெற்று, புனித ஃப்ளோரியன் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார். 1848 முதல் மடாலயத்தின் ஆர்கன் கலைஞர் பொறுப்பையும் வகித்தார்.

புனித ஃப்ளோரியனில் அவர் பத்து ஆண்டுகள் பணியாற்றினார். டி மைனர் நீத்தார் திருப்பலி இசை (1849), பி ஃபிளாட் மைனர் பெருந்திருப்பலி இசை (1854) ஆகியவை அக்காலப் படைப்புகளில் முதன்மையானவை. எனினும் இசையை மட்டுமே நம்பி வாழ முடியும் என்ற உறுதி அவருக்கு இருக்கவில்லை. 1853 இல் நீதிமன்ற அலுவலகப் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்துப் பார்த்தார். அது கிடைக்கவில்லை. 1854 அக்டோபரில் வியன்னா சென்று அரசவை இசை இயக்குநர் இக்னாஸ் ஆஸ்மையர் முன்னிலையில் ஆர்கன் வாசித்துச் சான்று பெற்றார். 1855 சனவரியில் உயர்நிலை ஆசிரியர் தேர்விலும் தேறினார். வாய்ப்பு கிடைத்த இடமெல்லாம் தேர்வெழுதி, தம் திறமைக்கு எழுத்து வடிவிலான சான்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் இக்காலத்திலேயே அவரிடம் வேரூன்றியது.

செக்டரிடம் அஞ்சல்வழிக் கல்வி

1855 சூலையில் புரூக்னர் மீண்டும் வியன்னா சென்று சீமோன் செக்டர் (1788–1867) என்பவரைச் சந்தித்தார். செக்டர் வியன்னா இசைக் கல்லூரியின் பேராசிரியர். கவுண்டர்பாயின்ட் எனப்படும் பல்குரல் இசையமைப்பு முறையில் அக்காலத்தின் தலைசிறந்த அறிஞராக மதிக்கப்பட்டவர். 1828 நவம்பரில், தம் மரணத்திற்குச் சில நாட்களே இருந்தபோது ஃபிரான்ஸ் சூபர்ட் பாடம் கேட்கச் சென்றதும் இவரிடமே. புரூக்னர் தம் பெருந்திருப்பலி இசையின் கையெழுத்துப் படியைச் செக்டரிடம் காட்டினார். அதைப் பார்வையிட்ட செக்டர் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டின் இறுதியில் லின்ஸ் பேராலயத்தில் ஆர்கன் கலைஞர் பணியிடம் காலியானது. பழைய ஆசிரியர் டுர்ன்பெர்கரின் தூண்டுதலால் போட்டியில் கலந்துகொண்ட புரூக்னர் அதில் வென்றார். 1856 முதல் 1868 வரை அப்பணியில் இருந்தார். பேராலயத்தோடு நகரின் பங்கு ஆலயத்திலும் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. வருவாய்க்காகப் பியானோ பாடமும் கற்பித்தார். 1860 நவம்பரில் ஃப்ரோசின் என்னும் ஆடவர் பாடகர் குழுவின் நடத்துநர் பொறுப்பும் வந்து சேர்ந்தது. இவ்வளவு பணிகளுக்கு இடையில்தான் செக்டரின் பாடங்களை அவர் பயின்றார்.

படிப்பு முறை

லின்ஸ் நகருக்கும் வியன்னாவுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 180 கிலோமீட்டர். எனவே பாடங்கள் பெரும்பாலும் அஞ்சல் மூலமே நடைபெற்றன. செக்டரின் நூலிலிருந்து பயிற்சிகளைச் செய்து, குறிப்பேடுகளாகத் தொகுத்து, புரூக்னர் வியன்னாவுக்கு அனுப்புவார். செக்டர் அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். ஒரு பயிற்சியைச் செய்து முடிப்பதற்கும் அதிலுள்ள பிழையைத் தெரிந்துகொள்வதற்கும் இடையே பல நாட்கள் கழியும். ஆகவே தம் விடைகளைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இன்றியமையாததாயிற்று.

திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் கத்தோலிக்க ஆலயங்களில் ஆர்கன் வாசிப்பு பெரிதும் குறைக்கப்படும். அவ்வாரங்களில் புரூக்னர் வியன்னா சென்று செக்டரிடம் நேரில் பயின்றார். லின்ஸ் ஆயர் ஃபிரான்ஸ் யோசஃப் ரூடிகியர் இதற்கு விடுப்பு அளித்து ஆதரித்தார். ஆயரின் இந்த ஆதரவு இல்லையெனில் படிப்பு தொடர்ந்திருக்க இயலாது.

நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் வரை புரூக்னர் பயிற்சிகளில் செலவிட்டதாகக் கூறப்படுகிறது. 1860 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே தவணையில் 17 குறிப்பேடுகள் வந்து சேர்ந்தபோது செக்டரே கவலையுற்றார். இத்தனை உழைக்கும் மாணவர் தமக்கு வாய்த்ததில்லை என்று பாராட்டிய அவர், உடல்நலத்தைப் பேணி ஓய்வு எடுத்துக்கொள்ளுமாறும் கடிதத்தில் அறிவுறுத்தினார்.

பாடத்திட்டமும் இடைத்தேர்வுகளும்

செக்டரின் பாடத்திட்டம் படிநிலைகளாக அமைந்தது. ஒவ்வொரு படியின் முடிவிலும் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கினார்.

ஒத்திசைவும் எண்குறி அடிச்சுரமும்: சுரக் கூட்டுகளை அமைப்பதும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பதும். தேர்வு: 1858 சூலை 10.

எளிய கவுண்டர்பாயின்ட்: கொடுக்கப்பட்ட ஒரு மெட்டுக்கு எதிராகத் தனித்தியங்கும் வேறு மெட்டுகளைக் கண்டிப்பான விதிகளின்படி எழுதுதல். சான்றிதழ்: 1859 ஆகத்து 12.

இரட்டை, மூவகை, நால்வகை கவுண்டர்பாயின்ட்: மேற்குரலைக் கீழாகவும் கீழ்க்குரலைத் மேலாகவும் இடம் மாற்றினாலும் இசைவு கெடாதவாறு இரண்டு, மூன்று, நான்கு மெட்டுகளை அமைத்தல். சான்றிதழ்: 1860 ஏப்ரல் 3.

கேனன், ஃபியூக்: ஒரே மெட்டு சற்றுப் பிந்தித் தொடங்கித் தன்னையே துரத்திச் செல்வது கேனன். ஒரு குரலில் தொடங்கும் சிறு கருப்பொருளைப் பிற குரல்கள் ஒவ்வொன்றாக ஏற்று வளர்ப்பது ஃபியூக். சான்றிதழ்: 1861 மார்ச் 26.

செக்டரின் கோட்பாடு

செக்டர் தம் கொள்கைகளை மூன்று பகுதிகளைக் கொண்ட நூலாக 1853–54 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டிருந்தார். 18 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ராமோ தொடங்கிவைத்த அடிப்படைச் சுரக் கோட்பாட்டின் வழிவந்தது அது. அதன்படி எந்தச் சுரக் கூட்டுக்கும் ஒரு வேர்ச்சுரம் உண்டு. வேர்ச்சுரங்கள் ஐந்தாம் இடைவெளியிலோ மூன்றாம் இடைவெளியிலோ நகர்வதே இயல்பானது. அடுத்தடுத்த சுரங்களுக்கு நேரடியாக நகர்வதுபோல் காதில் விழும் இடங்களில், இடையில் ஒலிக்காத வேர்ச்சுரம் ஒன்று மறைந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, சி கூட்டிலிருந்து டி கூட்டுக்குச் செல்லும்போது நடுவில் ஏ என்னும் வேர் மறைந்துள்ளது என்பது செக்டரின் விளக்கம்.

இவ்வாறு ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் கற்பிக்கும் முறை புரூக்னரின் மனப்போக்குக்குப் பொருந்தியது. பிற்காலத்தில் தாம் பேராசிரியரானபோது இக்கோட்பாட்டையே பெரும் மாற்றமின்றிக் கற்பித்தார்.

இசையமைப்புக்குத் தடை

படிப்பு முடியும்வரை சொந்தமாக இசையமைக்கக் கூடாது என்பது செக்டரின் நிபந்தனை. பாதி கற்ற நிலையில் எழுதினால் பழைய பிழைகளே கையில் படிந்துவிடும் என்பது அவர் கருத்து. புரூக்னர் இதைப் பெரும்பாலும் கடைப்பிடித்தார். 1856 முதல் 1860 வரையிலான ஆண்டுகளில் அவர் எழுதியவை ஒருசில படைப்புகளே. சூபர்ட் தம் 31 ஆம் வயதில் காலமானவர். புரூக்னரோ 31 ஆம் வயதில் படிப்பைத் தொடங்கி, படைப்பாளியின் வளமான ஆண்டுகள் எனப்படும் காலத்தைப் பயிற்சிக் குறிப்பேடுகளுக்குக் கொடுத்தார். இறுதிச் சான்றிதழ் கிடைத்த சில வாரங்களிலேயே, 1861 மே 12 அன்று, ஏழு குரல்களுக்கான அவருடைய ஆவே மரியா லின்ஸ் நகரில் முதன்முறையாகப் பாடப்பட்டது. ஆறாண்டு அமைதிக்குப் பின் வெளிவந்த இச்சிறு படைப்பு அவருடைய தேவாலயப் பாடல்களில் மிகவும் விரும்பப்படுவனவற்றுள் ஒன்றாகும்.

1861 வியன்னாத் தேர்வு

செக்டரின் சான்றிதழ்கள் ஒரு தனி ஆசிரியர் தந்தவை. அவை மட்டும் போதும் என்று புரூக்னர் எண்ணவில்லை. இசைக் கல்லூரிகளில் கோட்பாடு கற்பிக்கத் தமக்குத் தகுதி உண்டு என்பதை அதிகாரப்பூர்வமான குழு ஒன்று உறுதிப்படுத்த வேண்டும் என விரும்பினார். 1861 அக்டோபரில், வியன்னா இசைக் கல்லூரியை நடத்திவந்த இசை நண்பர்கள் கழகத்திடம் தம்மைத் தேர்வு செய்யுமாறு விண்ணப்பித்தார்.

தேர்வுக் குழுவில் ஐவர் இருந்தனர். கல்லூரி இயக்குநர் யோசஃப் ஹெல்மெஸ்பெர்கர், கழகத்தின் இசை நடத்துநர் யோகான் ஹெர்பெக், அரசவை ஓப்பரா நடத்துநர் ஓட்டோ டெஸ்ஸோஃப், கல்வித்துறை அலுவலர் மோரிட்ஸ் பெக்கர், சீமோன் செக்டர் ஆகியோரே அவர்கள். தேர்வு எழுத வந்தவருக்கு வயது 37. தேர்வாளர்களில் ஹெல்மெஸ்பெர்கருக்கு 33, ஹெர்பெக்குக்கு 29, டெஸ்ஸோஃபுக்கு 26.

புரூக்னர் ஒப்படைத்த எழுத்துப் பயிற்சிகளும் சான்றுகளும் அவருடைய ஏட்டறிவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. ஆகவே கேள்விகள் கேட்பதைக் காட்டிலும், கொடுக்கப்படும் கருப்பொருளின் மீது அந்த இடத்திலேயே ஃபியூக் ஒன்றை உருவாக்கி வாசிக்கச் செய்வதே பொருத்தமான சோதனை என்று ஹெர்பெக் கருதினார். புரூக்னர் அதற்கு இசைந்து, ஆர்கனைத் தேர்ந்துகொண்டார். வியன்னாவின் யோசஃப்ஸ்டட் பகுதியிலுள்ள பியாரிஸ்ட் துறவியர் ஆலயத்தில் நவம்பர் மாதம் செய்முறைத் தேர்வு நடைபெற்றது.

கருப்பொருளை எழுதித் தரும் பொறுப்பு செக்டருக்கு வழங்கப்பட்டது. அவர் நான்கு தாள அளவைகள் கொண்ட கருப்பொருளை எழுதினார். அதை இன்னும் நீட்டுமாறு ஹெர்பெக் டெஸ்ஸோஃபிடம் கேட்டார். டெஸ்ஸோஃப் மறுக்கவே, ஹெர்பெக் தாமே அதை எட்டு அளவைகளாக நீட்டினார். நீளமான கருப்பொருளை ஃபியூக்கில் கையாள்வது கடினம் என்பதை அங்கிருந்த அனைவரும் அறிவர்.

தாளைப் பெற்றுக்கொண்ட புரூக்னர் உடனே வாசிக்கவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் திணறுவதாக எண்ணித் தேர்வாளர்கள் சிலர் நகைத்தனர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பின்னர் அக்கருப்பொருளின் கூறுகளைக் கொண்டு ஒரு முன்னுரைப் பகுதியை வாசித்து, அதிலிருந்து ஃபியூக்கைத் தொடங்கி விதிமுறைப்படி நிறைவு செய்தார். அதன்பின் தம் விருப்பப்படி கற்பனை இசையும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். வாசித்து முடித்ததும், உண்மையில் தேர்வு செய்யப்பட வேண்டியவர்கள் தாங்களே என்றும், அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு தமக்குத் தெரிந்திருந்தால் போதும் என்றும் ஹெர்பெக் கூறியதாக அறியப்படுகிறது. இசைக் கல்லூரிகளில் கற்பிக்கத் தகுதியுடையவர் என்னும் சான்றிதழ் புரூக்னருக்கு வழங்கப்பட்டது.

கிட்ஸ்லரிடம் மீண்டும் மாணவர்

தேர்வில் வென்ற பின்னரும் புரூக்னர் படிப்பை நிறுத்தவில்லை. செக்டரின் பாடத்தில் ஒத்திசைவும் கவுண்டர்பாயின்ட்டும் இருந்தனவே தவிர, சொனாட்டா, சிம்பொனி போன்ற இசை வடிவங்களும் இசைக்குழுவுக்கு எழுதும் முறையும் இடம்பெறவில்லை. இக்குறையை நிரப்ப, லின்ஸ் நாடக அரங்கின் நடத்துநரான ஓட்டோ கிட்ஸ்லர் (1834–1915) என்பவரிடம் 1861 இறுதி முதல் 1863 வரை பயின்றார். கிட்ஸ்லர் இவரைவிடப் பத்து வயது இளையவர். எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிக் ரிக்டரின் வடிவ நூல் அங்குப் பாடநூலாக இருந்தது.

இப்பயிற்சியில் புரூக்னர் எழுதிய முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட குறிப்பேடு கிட்ஸ்லர் பயிற்சிப் புத்தகம் என அழைக்கப்படுகிறது. நீண்டகாலம் தனியார் வசம் இருந்த இதன் நிழற்படப் பதிப்பு 2015 ஆம் ஆண்டில் வெளியானது. எட்டு அளவைத் தொடர்களில் தொடங்கி, சிறு பியானோ துண்டுகள், நால்வர் இசை, இசைக்குழுத் தொடக்க இசை என அவர் படிப்படியாக முன்னேறியதை இதில் காணலாம். 1863 இல் எழுதிய எஃப் மைனர் சிம்பொனி இப்படிப்பின் நிறைவுப் பயிற்சியாக அமைந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கிட்ஸ்லர் லின்ஸ் நகரில் வாக்னரின் டான்ஹாய்சர் ஓப்பராவை அரங்கேற்றினார். விதிகளை மீறியும் இசை எழுதலாம் என்பதைப் புரூக்னர் அதில் கண்டார். விதிகளை முழுமையாக அறிந்த பின்னரே இந்த விடுதலை அவருக்குக் கிட்டியது என்பது குறிப்பிடத்தக்கது. 1864 இல் டி மைனர் திருப்பலி இசை வெளிவந்தது. முதலாம் சிம்பொனி 1868 மே 9 அன்று லின்ஸ் நகரில் அரங்கேறியது.

உடல்நலக் குறைவு

இடைவிடாத உழைப்பு அவருடைய மனநலத்தைப் பாதித்தது. 1867 ஆம் ஆண்டில் கடும் நரம்புத் தளர்ச்சிக்கு உள்ளாகி, பாட் குரோய்ட்சன் என்னும் ஊரின் நீர்ச்சிகிச்சை நிலையத்தில் சுமார் மூன்று மாதங்கள் தங்கினார். கண்ணில் படும் பொருள்களை எல்லாம் எண்ணிக்கொண்டே இருக்கும் கட்டாய உணர்வு அவரை வாட்டியது. பின்னர் உடல் தேறினாலும், எண்ணும் வழக்கம் அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை.

வியன்னாவில் பேராசிரியர்

1867 செப்டம்பரில் செக்டர் காலமானார். 1861 ஆம் ஆண்டுத் தேர்வை மறவாதிருந்த ஹெர்பெக், புரூக்னரை வியன்னாவுக்கு அழைத்துவர முயன்றார். லின்ஸ் நகரின் நிலையான வருவாயை விட்டுவர அஞ்சித் தயங்கிய புரூக்னர், இறுதியில் இசைந்தார். 1868 முதல் வியன்னா இசைக் கல்லூரியில் ஒத்திசைவு, கவுண்டர்பாயின்ட், ஆர்கன் ஆகியவற்றின் பேராசிரியராகப் பணியாற்றினார். தம் ஆசிரியர் கற்பித்துவந்த பாடங்களையே அவரும் கற்பித்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் பெற்ற சான்றிதழ் இவ்வாறு பயன் தந்தது.

ஆர்கன் கலைஞராகவும் அவர் புகழ் பரவியது. 1869 இல் பிரான்சின் நான்சி, பாரிஸ் நகரங்களிலும், 1871 இல் இலண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கிலும் வாசித்தார்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் இடம்பெறுவது அவ்வளவு எளிதாக இல்லை. 1867 இலும் 1874 இலும் அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. அங்கு இசை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த திறனாய்வாளர் எட்வார்ட் ஹான்ஸ்லிக் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இறுதியில் 1875 இல் ஊதியமற்ற விரிவுரையாளராக நியமனம் கிடைத்தது. 1880 முதலே ஊதியம் வழங்கப்பட்டது.

கற்பித்தல் முறை

பிற்காலத்தில் இசைக் கோட்பாட்டாளராகப் புகழ்பெற்ற ஹைன்ரிக் ஷெங்கர், நடத்துநர்கள் ஃபிரான்ஸ் ஷால்க், ஃபெர்டினாண்ட் லோவ் முதலியோர் புரூக்னரின் மாணவர்கள். குஸ்தாவ் மாலர் முறைப்படி இவர் மாணவர் அல்லர் எனினும், பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டு நெருங்கிப் பழகினார். வகுப்பில் செக்டரின் விதிகளைச் சிறிதும் தளர்த்தாமல் கற்பித்த புரூக்னர், தாம் அவ்வாறு இசையமைப்பதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார் என மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

சிம்பொனிகள்

1877 அக்டோபரில் ஹெர்பெக் காலமானார். அவர் நடத்தவிருந்த மூன்றாம் சிம்பொனியைப் புரூக்னரே டிசம்பர் 16 அன்று நடத்த நேர்ந்தது. நிகழ்ச்சி முடிவதற்குள் அவையோரில் பெரும்பாலோர் எழுந்து சென்றுவிட்டனர். இறுதிவரை இருந்த சிலருள் இளைஞர் மாலரும் ஒருவர். 1884 டிசம்பர் 30 அன்று லைப்சிக் நகரில் ஆர்தூர் நிகிஷ் நடத்திய ஏழாம் சிம்பொனியே அவருக்குப் பரவலான புகழைத் தேடித் தந்தது. அப்போது அவருக்கு வயது 60.

செக்டரிடம் கற்றவற்றின் பயனை ஐந்தாம் சிம்பொனியில் தெளிவாகக் காணலாம். அதன் இறுதிப் பகுதியில் ஒரு ஃபியூக் கருப்பொருளும் ஆலயப் பாடல் போன்ற மற்றொரு கருப்பொருளும் தனித்தனியே வளர்ந்து, பின்னர் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. 1878 இல் நிறைவுற்ற இச்சிம்பொனி, பல்கலைக்கழகப் பணி கிடைக்கத் துணைநின்ற கல்வி அமைச்சர் கார்ல் ஃபொன் ஸ்ட்ரெமையருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1894 இல் கிராட்ஸ் நகரில் இது அரங்கேறியபோது புரூக்னர் நோயுற்றிருந்ததால் செல்ல இயலவில்லை. இசைக்குழு இதை வாசிக்க அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. எட்டாம் சிம்பொனியின் முடிவில் நான்கு பகுதிகளின் கருப்பொருள்களும் ஒரே நேரத்தில் ஒலிக்குமாறு அடுக்கப்பட்டிருப்பதும் இப்பயிற்சியின் விளைவே.

இறுதிக் காலம்

தேர்வுகளும் பட்டங்களும் பெறும் ஆர்வம் முதுமையிலும் புரூக்னரை விடவில்லை. முனைவர் பட்டம் வேண்டி 1882 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தும் பயனில்லாமற் போயிற்று. 1891 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழகமே அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முன்பு இருமுறை அவருக்குக் கதவடைத்த நிறுவனம் அது. இதையொட்டி நடந்த பாராட்டு விழாவில், வின்ட்ஹாக் ஊரின் முன்னாள் உதவி ஆசிரியர் முன் தாம் தலைவணங்குவதாகப் பல்கலைக்கழகத்தின் தலைவர் அடோல்ஃப் எக்ஸ்னர் அறிவித்தார்.

ஒன்பதாம் சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளை முடித்து, இறுதிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்த நிலையில், 1896 அக்டோபர் 11 அன்று வியன்னாவில் புரூக்னர் காலமானார். அவர் விருப்பப்படி, உடல் புனித ஃப்ளோரியன் மடாலயத்தில் பெரிய ஆர்கனுக்குக் கீழேயுள்ள நிலவறையில் வைக்கப்பட்டது.

மதிப்பீடு

புரூக்னரின் நீண்ட படிப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. தன்னம்பிக்கைக் குறைவே அவரைத் தேர்விலிருந்து தேர்வுக்குத் துரத்தியது என்பர் ஒரு சாரார். நண்பர்களின் சொல் கேட்டுத் தம் சிம்பொனிகளை மீண்டும் மீண்டும் திருத்தி, ஒரே படைப்புக்குப் பல வடிவங்கள் தோன்றச் செய்ததையும் அவர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். எந்தச் சான்றிதழும் அவருடைய ஐயத்தைத் தீர்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால் ஐந்தாம், எட்டாம் சிம்பொனிகளின் கட்டமைப்பு அந்த ஆறாண்டுப் பயிற்சி இன்றித் தோன்றியிருக்க இயலாது என்பர் மற்றொரு சாரார். கல்லூரி, உடன் பயிலும் மாணவர், அன்றாடம் வழிகாட்டும் ஆசிரியர் என எதுவும் இன்றி, பணி முடிந்த பின் கிடைத்த நேரத்தில் தாமே கால அட்டவணை வகுத்துக்கொண்டு உயர்நிலைத் தேர்வு ஒன்றுக்கு ஆயத்தமானவர் என்ற வகையில், இசை வரலாற்றில் அவருடைய வாழ்க்கை தனியிடம் பெறுகிறது.